காக்கியில் எத்தனை காக்கி?

வாசகர் கேள்விகள் – சிறு அளவு ராணுவ உருவங்களின் சீருடை நிறம்

கேள்வி: 1/35 அளவில் (உண்மை ஆளில் 35-இல் ஒரு பங்கு) நான்கு பிரிட்டிஷ் சிப்பாய்கள், இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்கப் போர்முனை. டமியா என்ற மாடல் வண்ண நிறுவனத்தின் 'காக்கி', எண் எக்ஸ்எஃப்-49 பூசினேன். பாலைவனத்தில் நிற்பவர்களாகவே தெரியவில்லை, சேற்றில் புரண்டு எழுந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். (கோவை வாசகர்)

டப்பா மேலிருக்கும் பெயரை நம்பியதுதான் கோளாறு. பிரிட்டிஷ் படையில் காக்கி என்று இரண்டு துணிகள் இருந்தன. குளிருக்கு 'பேட்டில்டிரெஸ்': முரட்டுக் கம்பளி, பச்சை ஓடிய பழுப்பு. வெயிலுக்குக் 'காக்கி டிரில்': பருத்தி, மணல் நிறம். நீங்கள் பூசியது கம்பளிக்குத்தான் பொருந்தும்.

டிரில்லுக்கு எக்ஸ்எஃப்-57 பஃப் (வெளிர் மணல் நிறம்) மூன்று பங்கு, எக்ஸ்எஃப்-2 வெள்ளை ஒரு பங்கு கலந்து அடிநிறமாகப் பூசுங்கள். வலேஹோ நிறுவன வண்ணங்கள் வைத்திருந்தால் 819 இராக்கி சாண்ட் போதும். நிழலுக்கு அதிலேயே 921 இங்கிலிஷ் யூனிஃபார்ம் கொஞ்சம் சேருங்கள். கறுப்பு வேண்டாம், துணி அழுக்கேறியதுபோல் ஆகிவிடும்.

வெயிலும் துவைப்பும் டிரில்லை வெளுக்க வைக்கும். தோள்பட்டையும் முதுகும் முதலில் வெளுக்கும். காலரின் அடிப்பக்கம், மடித்த கையின் உள்மடிப்பு, தோள்வார் அழுத்திக் கிடந்த கோடு, இங்கெல்லாம் பழைய நிறம் தங்கும். அந்தக் கோட்டை ஒரு படி அடர்வாகத் தீட்டினால் சட்டை பல மாதம் உழைத்தது என்று சொல்லாமலே தெரியும். நால்வருக்கும் ஒரே கலவை வேண்டாம், ஆளுக்கு ஒரு சொட்டு கூட்டிக் குறையுங்கள். ஒரே துணிச்சுருளில் தைத்த நான்கு சட்டைகள் போர்முனையில் ஏது?

பாலைவன இரவுகளும் குளிர்காலமும் கடுமையானவை. அப்போது பேட்டில்டிரெஸ்ஸும் மேலங்கியும் போட்டார்கள். ஒருவருக்கு அதை மாட்டிவிட்டால் எக்ஸ்எஃப்-49 டப்பாவும் வீணாகாது.

கேள்வி: அசல் துணியை அருகில் வைத்தே நிறம் கலந்தேன். உருவத்தில் பூசியதும் அடர்த்தியாகத் தெரிகிறதே? (சேலம் வாசகர்)

ஐந்து சென்டிமீட்டர் உருவத்தை நாம் பார்ப்பது, உண்மை மனிதனைப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நிறம் வெளிறித்தான் தெரியும். எட்டு சொட்டுக்கு ஒரு சொட்டு வெளிர்நிறம் சேருங்கள். காக்கிக்கு வெள்ளையைவிடப் பஃப் நல்லது. வெள்ளை கூடினால் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். பளபளப்பு இருந்தாலும் நிறம் அடர்ந்து தெரியும், எனவே மேட் (பளபளப்பில்லாத) பூச்சு போட்டபிறகே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பெல்ட், பை, தோள்வார்களுக்கும் அதே காக்கிதானா? (மதுரை வாசகர்)

இல்லை. 1937 மாதிரி வார்கள் தடித்த பருத்தி நெசவு. பிளாங்கோ என்ற பூச்சுமாவால் பச்சைக் காக்கியாக வைத்திருப்பார்கள். பாலைவனத்தில் தேய்த்துக் கழுவி ஏறக்குறைய வெள்ளையாக்கியதும் உண்டு, எனவே சட்டையைவிட ஒரு படி வெளிறியே பூசலாம். 24 மணி நேரம் காயவிட்டு, பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) எண்ணெய் வண்ணத்தை ஒயிட் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் தேநீர் நிறம் வரும்வரை நீர்த்து, வாரின் ஓரத்தில் மட்டும் ஓடவிடுங்கள். இது இல்லாவிட்டால் வாரும் சட்டையும் ஒட்டிக்கொண்டே தெரியும்.

கேள்வி: 4ஆவது இந்திய டிவிஷனில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியியல் பிரிவு) வீரர்களைச் செய்கிறேன். முகத்துக்கு என்ன நிறம்? (வேலூர் வாசகர்)

கிட்டின் (உருவப் பெட்டியின்) குறிப்பில் சொல்லும் இளஞ்சிவப்பை மறந்துவிடுங்கள். எக்ஸ்எஃப்-52 ஃபிளாட் எர்த் இரண்டு பங்கு, எக்ஸ்எஃப்-15 ஃபிளாட் ஃபிளெஷ் ஒரு பங்கு. மூக்குத்தண்டுக்கும் கன்ன எலும்புக்கும் ஃபிளெஷ் கூட்டுங்கள், கண்குழிக்கு எக்ஸ்எஃப்-64 ரெட் பிரவுன். உள்ளங்கையை வெளிறவிடுங்கள். முகத்தை முதலில் முடித்துவிட்டு டிரில்லைக் கலந்தால், எவ்வளவு வெளுப்பு வேண்டும் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: மேட் ஸ்ப்ரே அடித்ததும் உருவம் முழுக்க வெண்படலம். (சென்னை வாசகர்)

காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டது. மழைநாளில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள். படலத்தின் மேல் மெல்லிய பளபளப்புப் பூச்சு ஒன்று, முழுதும் காய்ந்தபின் வறண்ட நேரத்தில் மறுபடி மேட். பெரும்பாலும் சரியாகிவிடும்.