இழுத்த கம்பி ஏன் தளர்ந்தது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உள்ளே கம்பியை இழுத்துப் பூட்டி முன்கூட்டியே இறுக்கும் 'பிரீஸ்ட்ரெஸ்' கான்கிரீட்டின் தந்தை என்று பிரெஞ்சுப் பொறியாளர் எழேன் ஃபிரெய்சினேவைச் சொல்கிறார்கள். அவருக்கு முன்பே கம்பியை இழுத்துப் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டே? (திருச்சி வாசகர்)

பதில்: உண்டு. 1880களிலேயே அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் காப்புரிமை வாங்கினார்கள். ஆனால் அவர்கள் இழுத்தது சாதாரண இரும்புக் கம்பி. அதைச் சதுர மில்லிமீட்டருக்கு 140 நியூட்டன் வரை இழுத்தால், மீட்டருக்கு 0.7 மி.மீ.தான் நீளும். கான்கிரீட்டோ காய்ந்து சுருங்கியும், சுமையில் மெல்ல மெல்லக் குறுகியும் ஏறக்குறைய அதே அளவு நீளம் இழந்துவிடும். இழுத்ததெல்லாம் வீண்!

இந்த மெல்லக் குறுகும் குணத்தை, அதாவது 'கிரீப்'பை, ஃபிரெய்சினே கண்ணால் கண்டது பிரான்சின் அல்லியே ஆற்றின் மேல் கட்டிய லெ வேர்த்ரு பாலத்தில். ஒவ்வொரு வளைவும் 72.5 மீட்டர். திறந்த சில மாதங்களில், 1911-ல், வளைவுகளின் உச்சி இறங்கத் தொடங்கியது. உச்சியில் மீண்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, அங்கிருந்த கீல்களைக் கான்கிரீட்டால் அடைத்து, பாலத்தைக் காப்பாற்றினார். அன்றைய விதிநூல்கள் கான்கிரீட்டின் விறைப்பு காலத்தால் மாறாது என்றே கணக்கிட்டன. தன் பாலம் சொன்னதை நம்பியதுதான் அவருடைய பெருமை என்பேன்.

1928-ல் வாங்கிய காப்புரிமையில் விடை இருக்கிறது: உயர்வலிமைக் கம்பி, அடர்த்தியான நல்ல கான்கிரீட். அந்தக் கம்பியைச் சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் வரை இழுத்தால் மீட்டருக்கு 5 மி.மீ. நீளும், அதில் 0.8 மி.மீ. போனாலும் 84 சதவீத இழுவிசை மிஞ்சும். மார்ன் ஆற்றில் அவர் இந்த முறையில் கட்டி 1946-ல் முடிந்த லூசான்சி பாலம், 55 மீட்டர் அகலத்தை மெலிந்த உடலோடு தாண்டுகிறது.

கேள்வி: கம்பியை இழுத்துப் பூட்டிய பிறகு, கான்கிரீட்டுக்குள் அது ஓடும் குழாய்க்குள் சிமென்ட் பால் ஏற்றுவது கட்டாயமா? (மதுரை வாசகர்)

பதில்: கம்பியைக் கான்கிரீட்டோடு ஒட்டவைக்கும் முறையில் கட்டாயம், துருவைத் தடுப்பதும் அதுதான். தண்ணீர், சிமென்ட் எடையில் 0.45 பங்கைத் தாண்டக் கூடாது. தாழ்ந்த முனையிலிருந்து நிறுத்தாமல் ஏற்றுங்கள். குழாய் மேடேறும் இடங்களிலுள்ள காற்றுத்துளைகளில், உள்ளே போகும் அதே கெட்டியில் பால் வரும்வரை விட்டு, பிறகு ஒவ்வொன்றாக மூடுங்கள். பால் நீர்த்துப்போனால் தண்ணீர் மேடான இடத்தில் பிரிந்து நிற்கும். பின்னர் அங்கே வெற்றிடம் விழும், துரு அங்கேதான் தொடங்கும். துண்டுகளாகக் கோத்த பாலத்தில் இணைப்புகளையும் பாருங்கள். வேல்ஸில் 1985-ல் இனிஸ்-இ-குவாஸ் பாலம் திடீரென விழுந்தது, இணைப்பு வழியே உப்பு இறங்கிக் கம்பிகளை அரித்ததால்தான்.