பாட்டி கையில் பிரசவம், ஆஸ்பத்திரியில் செக்கப்: இரண்டும் சேருமா?

கேள்வி: வயது 27. ஏற்காட்டைத் தாண்டி, காபித் தோட்டத்தை ஒட்டிய ஊர். இரண்டாவது குழந்தை, ஏழு மாதம். முதலாவது சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம்தான். ஆனால் வலியோடு தனியாகக் கிடந்ததும், திட்டு வாங்கியதும் மறக்கவில்லை. மாமியாரின் அம்மா மருத்துவச்சி. இந்த முறை வீட்டில் அவர் பார்க்கட்டும். செக்கப், ஸ்கேன் எல்லாம் ஆஸ்பத்திரியில், ஏதாவது என்றால் 108 என்று நினைக்கிறேன். ஹீமோகுளோபின் 9.2. சரிதானே டாக்டர்?

பதில்: திட்டு வாங்கியது எங்கள் பக்கத்துத் தப்பு. அதற்குச் சமாதானம் சொல்லப்போவதில்லை. ஆனாலும் இந்த ஏற்பாட்டுக்கு நான் சரி சொல்லமாட்டேன்.

ரத்த அழுத்தம் 140/90ஐத் தொடுகிறதா, நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்துக் கிடக்கிறதா, குழந்தையின் தலை கீழே இருக்கிறதா என்பதெல்லாம் செக்கப்பில் தெரியும். பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்குமா என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. எல்லா ரிப்போர்ட்டும் நார்மலாக இருந்தவர்களுக்கே உதிரப்போக்கு வந்து பார்த்திருக்கிறேன். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் ஓடுகிறது. வீட்டில் பழைய சேலையை மடித்துப் போட்டிருப்பார்கள். நாலு மடிப்பும் நனைந்து பாய்க்கு இறங்கிய பிறகுதான் ‘கொஞ்சம் அதிகமா போகுதே’ என்பார்கள். அப்புறம் 108 உங்கள் ஊர் வந்து சேர்ந்து, ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். ராத்திரியில், பனி மூட்டத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். 11 இருக்க வேண்டிய இடத்தில் 9.2 உள்ள உடம்பு அதுவரை தாங்காது.

இங்கிலாந்தில் வீட்டுப் பிரசவம் உண்டே என்பீர்கள். உண்டு. 2011இல் வெளியான அங்கத்திய ஆய்வில், ஆபத்து குறைந்த, ஏற்கெனவே பெற்ற தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. ஆனால் அங்கே வீட்டுக்கு வருபவர் படித்துப் பதிவு செய்த மருத்துவச்சி, கையில் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசி. அப்படியும் 100க்கு 12 பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது.

பாட்டியை விட்டுவிடச் சொல்லவில்லை, கூட்டிக்கொண்டு வாருங்கள். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் கூட இருக்கலாம். எழுந்து நடக்க வைப்பது, இடுப்பைத் தேய்த்துவிடுவது, பயத்தைப் போக்குவது, இதிலெல்லாம் அவர் கை எங்கள் நர்ஸ் கையைவிடப் பழகிய கை. இப்போதே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்து ரத்தம். மாத்திரையில் ஏறாவிட்டால் இரும்புச்சத்து ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையைக் காபியோடு விழுங்காதீர்கள் (உங்கள் ஊரில் கஷ்டம்தான்!), முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். ரத்த வகை நெகட்டிவா என்று பாருங்கள். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள். நஞ்சைக் கைவிட்டு எடுத்திருந்தால் இந்த முறையும் சிக்கலாகலாம். 37 வாரம் ஆனதும் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டுக்கு இறங்கிவிடுங்கள்.

அதற்குமுன் திடீரென்று வீட்டிலேயே பிறந்துவிட்டால் பாட்டிக்கு இது தெரிந்திருக்கட்டும்: கொடியை இழுக்கக் கூடாது, வெட்ட வேண்டியிருந்தால் புது பிளேடு, தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ வைக்கக் கூடாது. துடைத்து, உடனே மார்பில் போட்டு, சீம்பால் கொடுத்துக்கொண்டே வண்டி ஏறுங்கள். ரத்தம் அதிகம் போகாவிட்டாலும் வந்துவிட வேண்டும். குழந்தைக்கு வைட்டமின் கே ஊசியும், 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும் போட வேண்டும்.