தரவு இலவசம் என்பதால் சேர்மமும் இலவசமா?

கேள்வி: தூத்துக்குடியில் சிறிய உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் நடத்துகிறோம். கடற்பஞ்சில் உள்ள ஒரு சேர்மத்தைத் திறந்த தரவுத்தளத்தில் கண்டோம். 'அது பொதுச்சொத்து, அனுமதி எதுவும் வேண்டாம்' என்கிறார் எங்கள் ஆலோசகர். தயாரிப்பில் இறங்கலாமா?

பதில்: இப்போது இறங்காதீர்கள். 'திறந்த' என்ற சொல் தரவுத்தளத்தில் உள்ள தகவலைக் குறிக்கிறதே ஒழிய, சேர்மத்தையோ அதைத் தரும் உயிரினத்தையோ குறிப்பதில்லை. 'கோகனட்', 'லோட்டஸ்' போன்ற தளங்களில் எவரும் பதிவுகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். காப்புரிமை தனி விஷயம். ஜப்பானியக் கடற்பஞ்சில் 1980களில் கண்டறியப்பட்ட ஹாலிகாண்ட்ரின் பி என்ற சேர்மத்தைப் பற்றி யாரும் படிக்கலாம், ஆனால் அதை எளிமையாக்கி உருவாக்கிய எரிபுலின் காப்புரிமையோடுதான் 2010இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது.

இந்தத் தளங்களின் இலவசப் பதிவுகளையே 'ரகசியப் பட்டியல்' என்று விலைபேசும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு குழு, பணம் கொடுத்து வாங்கிய பட்டியலை நான் அவர்கள் கண்முன்னே இலவசமாக இறக்கிக் காட்டியதும் பேச்சற்று நின்றது. பட்டியலில் உள்ள மூலக்கூறு அமைப்பு சரியானது என்றும் நம்பிவிடாதீர்கள்: 1991இல் வெளியான டயசோனமைடு ஏ சேர்மத்தின் அமைப்பு தவறு என்பது, 2001இல் அதை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மன்னார் வளைகுடாவிலிருந்து உயிரினத்தை எடுத்து வணிகத்துக்குப் பயன்படுத்துவதாயின், 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி மாநில உயிரியல் பன்மை வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். காப்புரிமை கோரினால், அது வழங்கப்படும் முன் சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தில் பதிய வேண்டும். 'சந்தையில் விற்கும் பொருளுக்கு விலக்கு உண்டு' என்று உங்கள் ஆலோசகர் அடுத்துச் சொல்லக்கூடும். அந்த விலக்கு, மத்திய அரசு அறிவித்த பொருள் வழக்கமான சரக்காக வாங்கி விற்கப்படும்போது மட்டுமே பொருந்தும். அதே பொருளைச் சாறெடுத்து ஆய்வுக்குட்படுத்தும் கணத்தில் அது பொருந்தாது, சந்தையில் வாங்கிய ரசீதைக் காட்டினாலும் பொருந்தாது. கடல் அட்டையும் பவளமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பதால், அவற்றைத் தொடவே கூடாது.

வனத்துறை, மீன்வளத்துறை, வாரியம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டவைத்து, எந்தக் கடிதம் முதலில் போக வேண்டும் என்பதை எந்த அலுவலகமும் எழுத்தில் தராத நிலை எனக்குப் பல ஆண்டுகளாக ஆத்திரமூட்டுகிறது; இடைத்தரகர்கள் பிழைப்பதும் அதனால்தான். நீங்கள் முதலில் தரவுத்தளப் பதிவு சுட்டும் மூல ஆய்வுக்கட்டுரையைப் படியுங்கள், பிறகு காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடலில் சேர்மத்தின் பெயரைப் பாருங்கள், அதன்பின் மாநில வாரியத்துக்கு நீங்களே எழுதி, ஒப்புகை கையில் கிடைக்கும்வரை கடலில் ஒரு மாதிரியும் எடுக்காதீர்கள்.