மண்ணெண்ணெய் தீர்ந்த விளக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

போன வாரம் அம்மாவோடு உட்கார்ந்து ஆஷிக் அபு இயக்கிய மலையாளப் படம் ‘நீலவெளிச்சம்’ (2023) பார்த்தேன். மறுநாள் அம்மா வற்புறுத்தியதால் பழைய ‘பார்கவி நிலைய’த்தையும் பார்த்தேன். அதே கதை, அதே கிணறு, அதே பாபுராஜ் பாட்டுகள். புதியதில் ஒளிப்பதிவு அபாரம். ஆனால் பயம் வந்தது பழையதில்தான். அம்மாவுக்கு அது சின்ன வயதில் கொட்டகையில் பார்த்த படம், சரி. எனக்கு ஏன்?

(பெயர் வேண்டாம்), கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தம்பி,

நானும் உங்கள் அம்மா கட்சிதான். களியக்காவிளைப் பக்கம் எங்கள் தெருவில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ‘பார்கவி நிலையம்’ என்றே பெயர். படம் பார்க்காத பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும்.

இரண்டு படங்களுக்கும் மூலம் மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீரின் ‘நீலவெளிச்சம்’ சிறுகதை. அதில் பேய்வீட்டுக்குக் குடிவந்த எழுத்தாளன் ஒருவன், விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்து, இரவில் கடன் வாங்கப் போகிறான். திரும்பி வந்தால் அறையெல்லாம் நீல வெளிச்சம். அவ்வளவுதான். கொலையும் வில்லனும் 1964-இல் வந்த பழைய படத்துக்குப் பஷீரே திரைக்கதை எழுதியபோது வந்து சேர்ந்தவை.

சிம்னி விளக்கை வைத்துப் படித்தவர்களுக்கு அந்த நீலம் தெரியும். எண்ணெய் வற்றினால் மஞ்சள் சுருங்கிவிடும், திரியின் அடியில் நீலம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டி சிம்னியைக் காதருகே ஆட்டிப் பார்த்து, “தீந்து போச்சு, படு” என்பாள். விளக்கு சாகும்போது வரும் நிறம் அது. பஷீர் அதை வைத்து அறையையே நிரப்பிவிட்டார்.

பழைய படத்தின் இயக்குநர் ஏ. வின்சென்ட் அடிப்படையில் கேமராக்காரர். ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தை ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே சலிக்காமல் காட்டியவர். அவர் கையில் இருந்தது கறுப்பும் வெள்ளையும்தான். நீலத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும். புதிய படத்திலோ இரவுக் காட்சிகளில் நீலம் தாராளமாகக் கிடக்கிறது. பிறகு தனியாக எதற்குப் பயப்படுவது?

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய குறை. பழைய படத்தில் மது நடித்த எழுத்தாளனுக்குப் பெயரே கிடையாது. யாருமில்லாத வீட்டில் நின்று, பேயான பார்கவிக்குட்டியோடு பேசுகிற அந்த மனுஷனுக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது. புதிய படத்தில் டொவினோ தாமஸின் பாத்திரம் பஷீரேதான். பஷீர் 1994 வரை, எண்பது தாண்டி இருந்தவர் என்பது ஊருக்கே தெரியும். பேய் என்ன செய்துவிட முடியும்?

பாட்டு விஷயத்தில் சண்டைக்கு வரவில்லை. ஆனாலும் ‘தாமசமெந்தே வருவான்’ என்றால் எனக்குப் பழைய படத்தில் பாடிய ஜேசுதாஸ்தான்.

அப்புறம், அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். கொட்டகையில் பார்த்த அந்த வீட்டின் இரவு அவருக்கு இப்போது என்ன நிறத்தில் நினைவிருக்கிறது?