வெளியூர் அருங்காட்சியகத்துக்கு ரயிலில் போய் அன்றே திரும்ப வேண்டும்: எங்கிருந்து திட்டமிடத் தொடங்குவது?

காலையில் ரயிலேறி வெளியூர் அருங்காட்சியகம் ஒன்றைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும், அலைச்சலில்லாமல் எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பி வரும் வண்டியிலிருந்து தொடங்குங்கள். பலரும் முதலில் போகிற வண்டியைத்தான் தேடுகிறார்கள். காலை வண்டி தவறினால் அடுத்ததைப் பிடிக்கலாம். இரவு கடைசி வண்டி தவறினால் அந்த ஊரில் தங்க வேண்டியதுதான். அதனால் கடைசி வண்டி எது என்று பார்த்து, அதற்கு முந்தையதை உங்கள் வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வண்டி மாற வேண்டியிருந்தால் இது இன்னும் முக்கியம்.

அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஸ்டேஷனுக்கு வந்து சேரும் நேரம், சாப்பாடு, பையை ஒப்படைத்துத் திரும்ப வாங்கும் நேரம் எல்லாம் போக, உள்ளே நிற்க எவ்வளவு மிஞ்சுகிறது? மூன்று மணி நேரம்கூட இல்லையென்றால் நான் அந்தப் பயணத்தை வேறு நாளுக்குத் தள்ளிவிடுவேன். "5 மணி வரை" என்று போட்டிருந்தால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். பல இடங்களில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். மூடும் நேரத்துக்குச் சற்று முன்பே கூடங்களைக் காலி செய்யவும் தொடங்கிவிடுவார்கள்.

வார விடுமுறை இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பாவில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. பாரிஸின் லூவ்ருக்குச் செவ்வாய். அதன் கிளையாக 2012இல் வடக்கு பிரான்ஸின் லான்ஸ் நகரில், பழைய நிலக்கரிச் சுரங்க நிலத்தில் திறந்த லூவ்ர்-லான்ஸுக்கும் செவ்வாய்தான். ஜப்பானில் திங்கள்கிழமை அரசு விடுமுறையாக அமைந்தால், அன்று திறந்துவைத்து மறுநாள் மூடும் அருங்காட்சியகங்கள் நிறைய உண்டு. நீண்ட வார இறுதியில் கிளம்புகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

ரயில் பயண நேரத்தைவிட, ஸ்டேஷனிலிருந்து அருங்காட்சியக வாசல் வரையிலான தூரம்தான் ஒரு நாளின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க் அருங்காட்சியகம், ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடை. நெதர்லாந்தின் க்ரோலர்-முல்லர் கலை அருங்காட்சியகம் அப்படியில்லை. தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், ரயிலை விட்டு இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்; பூங்காவுக்குத் தனி நுழைவுச்சீட்டு; உள்ளே ஓட்ட வெள்ளை சைக்கிள்களை இலவசமாகத் தருகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் உங்கள் நாளை நடத்துவது பேருந்து அட்டவணைதான். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைத் தனியாகப் பாருங்கள்.

இனி உள்ளே. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, ஒரு கூடம் விடாமல் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம்தான் இந்தப் பயணங்களைப் பாழாக்குகிறது என்பது என் உறுதியான கருத்து. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916லேயே அருங்காட்சியகச் சோர்வு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காட்சிப்பொருளைப் பார்க்கவும் குறிப்புகளைப் படிக்கவும் ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, குந்த வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாகவே எடுத்துக் காட்டினார். ரயிலில் வந்தவருக்கு அந்தச் சோர்வு பாதி வழியிலேயே தொடங்கியிருக்கும். எனவே எதற்காக வந்தீர்களோ அந்தக் கூடத்துக்கு முதலில் நேராகப் போய்விடுங்கள். ஒன்றாம் எண் கூடத்திலிருந்து வரிசையாகப் போனால், நீங்கள் ஆசைப்பட்ட ஓவியத்தின் முன் கால் வலியோடுதான் நிற்பீர்கள். அதைப் பார்த்த பிறகு உட்காருங்கள், சாப்பிடுங்கள், மீதி நேரத்தில் மனம்போனபடி சுற்றுங்கள்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். நியூயார்க்கிலிருந்து ஹட்சன் நதியோரமாக வடக்கே போகும் ரயிலில் எட்டக்கூடிய டியா பீக்கன், 1929இல் பிஸ்கட் நிறுவனம் ஒன்று அட்டைப்பெட்டிகள் அச்சிடக் கட்டிய தொழிற்சாலை. 2003இல் கலைக்கூடமாகத் திறந்தது. கூரைக் கண்ணாடி வழியே வரும் பகல் வெளிச்சம்தான் அங்கே முக்கிய விளக்கு. குளிர்காலத்தில் போவதானால் காலையிலேயே போய்ச் சேருங்கள். போகும்போது இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் நதி கூடவே வரும். டென்மார்க்கின் லூசியானா கலை அருங்காட்சியகம் இதற்கு நேர்மாறு. கோபன்ஹேகனிலிருந்து சுமார் 35 நிமிட ரயில் பயணம், பிறகு சிறு நடை. செவ்வாய் முதல் வெள்ளி வரை இரவு 10 மணி வரை திறந்திருப்பதால் நிதானமாகக் கிளம்பலாம். வெயில் இருக்கும்போது கடலோரச் சிற்பத் தோட்டம், இருட்டிய பின் உள்கூடங்கள் என்று பிரித்துக்கொள்ளலாம்.

டிக்கெட் விஷயத்தில், நேரம் குறித்த நுழைவுச்சீட்டு என்றால் ரயில் வந்து சேரும் நேரத்துக்குப் பின் ஒரு மணி நேரமாவது விட்டு எடுங்கள். திரும்பும் பயணத்துக்கு, எந்த வண்டியிலும் ஏறக்கூடிய டிக்கெட் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அதையே வாங்குவேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட படைப்புக்காகத்தான் போகிறீர்கள் என்றால், அது இப்போது காட்சியில் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். காகித ஓவியங்களும் பழைய துணிகளும் வெளிச்சம் பட்டால் மங்கும். அதனால் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான ஒளியில், சில மாதங்களே வைத்துவிட்டுத் திரும்ப இருட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். சில படைப்புகள் வேறு நாட்டுக் கண்காட்சிக்கு இரவலாகவும் போயிருக்கும். இணையதளத்தில் படம் இருப்பதாலேயே சுவரிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பதில் வந்த பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள்.