‘மிட்சோமர்’ படத்தின் கடைசிச் சிரிப்பு: கேள்வி பதில்

ஆரி ஆஸ்டர் எழுதி இயக்கி 2019-ல் வந்த ‘மிட்சோமர்’ படத்தின் முடிவு பற்றி வந்த கேள்விகள் இவை. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், முடிவு முழுக்க இதில் இருக்கிறது. பார்த்து நாளானவர்களுக்குக் கதை சுருக்கமாக: டானி என்ற அமெரிக்கப் பெண்ணின் சகோதரி, கார்ப் புகையால் பெற்றோரையும் கொன்று தானும் இறந்துபோகிறாள். டானியை விட்டு விலகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காதலன் கிறிஸ்டியன், அரைமனதோடு அவளையும் நண்பர்களோடு ஸ்வீடனுக்குக் கூட்டிப்போகிறான். அங்கே ஹோர்கா என்ற சமூகத்தின் கோடைத் திருவிழா. வெளியிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். நடனத்தில் ஜெயித்து மே ராணியான டானி, ஒன்பதாவது பலியாகக் கிறிஸ்டியனைத் தேர்ந்தெடுக்கிறாள். கரடித் தோலுக்குள் வைத்து அவனை எரிக்கிறார்கள். அவள் சிரிக்கிறாள்.

கேள்வி: அக்கா, அந்தச் சிரிப்பு பழி தீர்த்த சிரிப்பு என்று என் தோழிகள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

உங்கள் பக்கம்தான் நான். டானி அதுவரை எங்கெங்கே அழுதாள் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில், இவர்களை ஹோர்காவுக்கு அழைத்த ஸ்வீடன் நண்பன் பெல்லே ஆறுதல் சொல்ல வாயெடுத்ததும் குளியலறைக்குள் ஓடுகிறாள். அடுத்த நொடியே விமானத்தின் கழிப்பறை, அங்கேயும் தனியாக அழுகை. ஸ்வீடன் போய் இறங்கியதும் மனம் கலங்க, தானே போய் ஓர் இருட்டறைக்குள் புகுந்துகொள்கிறாள். ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுகிறாள், தன் துக்கம் கிறிஸ்டியனுக்குப் பாரமாகிவிடக் கூடாதே என்ற பயத்தில்.

இன்னொன்று. படத்தில் அந்த மூன்று பேரின் இறுதிச் சடங்கை நாம் பார்ப்பதே இல்லை. சாவு வருகிறது, கிறிஸ்டியனின் மடியில் டானி கதறுகிறாள், வெளியே பனி கொட்டுகிறது. அப்புறம் நேராகக் கோடைக்காலம். மூடிய வீட்டுக்குள் புகையில் போனவர்கள் அவர்கள். கடைசியில் மறுபடியும் மூடிய ஒரு வீடு, மறுபடியும் புகை. ஆனால் இந்த முறை டானி வெளியே நிற்கிறாள், ஊரே கூட நின்று அலறுகிறது. நடக்காமல் போன அந்தச் சாவுச் சடங்கு அங்கேதான் நடக்கிறது என்று நான் நினைக்கிறேன். முகத்தைக் கவனியுங்கள், முதலில் விம்மல்தான். பூக்குவியல் போன்ற அந்த உடையின் கனத்தில் தள்ளாடி நடக்கிறாள். சிரிப்பு வர நேரமாகிறது. நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியவளின் சிரிப்பு அது. பாரத்தோடு சேர்ந்து அவளும் போய்விட்டாள் என்பதுதான் கொடுமை.

கேள்வி: பெண்கள் அவளோடு சேர்ந்து அழும் காட்சி நம் ஊர் இழவு வீட்டை நினைவூட்டியது. ஒப்பாரிதானே அது?

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. கிறிஸ்டியனை இன்னொரு பெண்ணோடு பார்த்துவிட்டு டானி தரையில் விழுந்து கதறுகிறாள். பெண்கள் அவளைச் சுற்றி மண்டியிட்டு முகத்தோடு முகம் வைத்து, அவள் மூச்சிழுத்தால் மூச்சிழுத்து, அவள் அலறினால் அதே சுருதியில் அலறுகிறார்கள். சாவுச் செய்தி வந்த அந்த இரவுக்குப் பிறகு முதல் முறையாக அவள் கதவைச் சாத்தாமல் அழுகிறாள். டானியாக வரும் ஃப்ளோரன்ஸ் ப்யூவின் நடிப்பில் இதுதான் உச்சம். ஒப்பாரிக்கு வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழும்போது வரும் அதே ஆறுதல்தான்.

வித்தியாசம் வார்த்தையில் இருக்கிறது. ஒப்பாரியில் செத்தவருக்கு உறவு உண்டு, குணம் உண்டு. என்ன வாங்கித் தந்தார், எந்த வழியாக நடந்து வருவார் என்பதெல்லாம் பாட்டில் வந்துவிடும். அழுகிறவள் இன்னாருக்காக அழுகிறாள். ஹோர்காப் பெண்களின் அழுகையில் ஒரு சொல்கூட இல்லை. உனக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதே நேரத்தில் பக்கத்துக் கட்டடத்தில் கிறிஸ்டியனோடு இருக்கும் பெண்ணின் முனகலையும் சுற்றி நின்றவர்கள் இப்படித்தான் திருப்பி முனகுகிறார்கள். கடைசியில், வலிக்காது, பயம் வராது என்று மருந்து கொடுக்கப்பட்ட ஹோர்கா ஆள் ஒருவன் தீ பட்டதும் அலறுகிறான். வெளியே நிற்பவர்கள் அவனோடு சேர்ந்து துடித்துக் கதறுகிறார்கள். அவர்கள் அழுகை பொய்யில்லை. தீ வைத்தவர்களும் அவர்கள்தான்.

கேள்வி: கிறிஸ்டியனுக்கு இது வேண்டும் என்று தோன்றியது. தப்பா?

தோன்றுவது தப்பில்லை, படம் நம்மை அங்கே தள்ளிக்கொண்டுதான் போகிறது. பிறந்தநாளை மறக்கிறான், எத்தனை வருடமாகப் பழகுகிறோம் என்பதைக்கூடத் தப்பாகச் சொல்கிறான், நண்பனின் ஆராய்ச்சித் தலைப்பை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான். மோசமான காதலன், சரி. ஆனால் அந்தப் பெண்ணோடு இருந்தபோது அவன் போதை கொடுக்கப்பட்டவன். முழுச் சம்மதம் என்று அதைச் சொல்லவே முடியாது. பிறகு வாயும் கையும் அசையாமல் உட்காரவைக்கப்பட்டு எரிகிறான். நமக்குக் கைதட்டத் தோன்றினால், ஹோர்கா நம்மையும் பிடித்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

கேள்வி: டானியின் குடும்பத்தைக் கொன்றதே பெல்லேயும் அவன் ஆட்களும்தான் என்று ஒரு கருத்து இருக்கிறதே?

படத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. அப்படி எடுத்துக்கொண்டால் கதை சின்னதாகிவிடும். காரணம் சொல்ல முடியாத சாவு என்பதால்தான் டானி அதைச் சுமந்துகொண்டு அலைகிறாள். பெல்லே கொலை செய்யத் தேவையே இல்லை. கிறிஸ்டியன் உன்னைத் தாங்குகிறானா, அவனிடம் வீட்டில் இருப்பதுபோல் உணர்கிறாயா என்று கேட்கிறான், அது போதும்.

கேள்வி: ஸ்வீடனில் உண்மையிலேயே இப்படி ஏதாவது உண்டா?

கோடைத் திருவிழா உண்டு. ஜூன் 19-க்கும் 25-க்கும் நடுவில் வரும் வெள்ளிக்கிழமை கம்பம் நட்டு ஆடுவார்கள், ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீனும் புது உருளைக்கிழங்கும் சாப்பிடுவார்கள். ஹெல்சிங்லாண்டில் ஹோர்கா என்ற ஊரும் இருக்கிறது. பிசாசு பிடில் வாசித்து அவ்வூர் இளைஞர்களைச் சாகும்வரை ஆடவைத்தான் என்று ஒரு பழங்கதை. டானி ஜெயிக்கும் நடனம் அதிலிருந்து வந்தது. படத்தில் முதியவர்கள் பாறையிலிருந்து குதித்து உயிர்விடுகிறார்களே, அது பழைய கதைகளில் மட்டும் இருப்பது, வரலாற்றுச் சான்று கிடையாது. 90 வருடத்துக்கு ஒருமுறை பலி என்பது முழுக்கக் கற்பனை.

கேள்வி: டானியின் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கும் ஓவியம்?

ஸ்வீடன் ஓவியர் ஜான் பாவர் வரைந்தது. கிரீடம் வைத்த ஒரு சின்னப் பெண் பெரிய கரடியின் மூக்கில் முத்தம் கொடுக்கிறாள். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடுகிறது. அடுத்த தடவை பார்க்கும்போது அங்கே நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. கடைசியில் டானி சிரித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததே என்று பயமாகவும் இருக்கிறது.

பயப்படாதீர்கள் தம்பி. அந்த நிம்மதி தீயைப் பார்த்து வந்ததில்லை, யாரோ ஒருவர் கடைசியில் அவளோடு உட்கார்ந்தார்களே என்பதால் வந்தது. என் அப்பா இறந்த வருடம் இதே படத்தைப் பார்த்தேன். மற்ற எல்லாம் மறந்து, அந்தப் பெண்கள் சேர்ந்து அழும் காட்சி மட்டும் நாள்கணக்கில் மனதில் நின்றது. அப்புறம் சித்திக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அப்பாவின் பழைய சைக்கிளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அம்மாவைத் தெரிந்த யாராவது உங்கள் பக்கத்தில் இருப்பார்கள், அவர்களிடம் பேசுங்கள்.

கேள்வி: 171 நிமிட இயக்குநர் பதிப்பில் முடிவு மாறுகிறதா?

மாறவில்லை. இரவில் ஏரிக்கரையில் ஒரு சிறுவனைப் பலி கொடுக்கப்போவதுபோல் நடக்கும் சடங்கும், அதையடுத்து டானியும் கிறிஸ்டியனும் போடும் நீண்ட சண்டையும் கூடுதலாக வருகின்றன. அந்தச் சண்டையில் அவன் இன்னும் கல்நெஞ்சனாகத் தெரிகிறான், அதனால் கடைசியில் அவனை எரிப்பது நமக்குச் சுலபமாகிவிடுகிறது. அந்தச் சுலபம் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் தடவை பார்க்கிறவர்களுக்குத் திரையரங்கில் வந்த பதிப்பையே சொல்வேன்.