எக்கோவில் 6.1, மானிட்டரில் 4.4, குளிர்ந்த சலைனில் 5.2: எதை நம்புவது?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. நிமோனியா முற்றி, கிருமி ரத்தத்தில் கலந்து பிரஷர் இறங்கிவிட்டது. இங்கே கோத்தகிரியில் எக்கோ எடுத்துப் பார்த்து, இதயம் நிமிடத்துக்கு 6.1 லிட்டர் ரத்தம் அனுப்புகிறது என்றார்கள். அன்றிரவே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டில் குழாய் போட்டு மானிட்டரில் இணைத்தார்கள், அது 4.4 காட்டியது. மறுநாள் கழுத்துக் குழாயில் குளிர்ந்த சலைன் செலுத்தி 5.2 என்றார்கள். யாராவது தப்பாக அளந்துவிட்டார்களா? இல்லை, மலையிலிருந்து இறக்கியதில் இதயம் பலவீனமாகிவிட்டதா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், யாரும் தப்பாக அளந்ததாகத் தெரியவில்லை. இதயம் 6.1-லிருந்து 4.4-க்கு விழுந்து, பிறகு 5.2-க்கு எழுந்தது என்றும் சொல்லிவிட முடியாது. மூன்றும் மூன்று வழியில் எடுத்த எண்கள். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு 4 முதல் 8 லிட்டர் வரை இயல்பு. மூன்றுமே அதற்குள்தான் இருக்கின்றன. ஆனால் கிருமித்தொற்றால் பிரஷர் இறங்கியவருக்கு இயல்பான எண்ணும் போதாமல் போகலாம். அதை அப்புறம் சொல்கிறேன்.

எக்கோவில் இதயம் அனுப்பும் ரத்தத்தை நேரடியாக யாரும் அளப்பதில்லை. இதயத்திலிருந்து மகாதமனிக்குப் போகும் வாசலின் விட்டத்தை அளந்து பரப்பைக் கணக்கிடுவோம். ஒரு துடிப்பில் ரத்தம் எவ்வளவு தூரம் பாய்கிறது என்பதை, எக்கோவிலேயே ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் டாப்ளர் சொல்லும். இரண்டையும் பெருக்கி, நாடித்துடிப்பாலும் பெருக்க வேண்டும். வாசல் 2.2 சென்டிமீட்டர், பாய்ந்த தூரம் 16 சென்டிமீட்டர், நாடி 100 என்றால் விடை ஏறக்குறைய 6.1 லிட்டர். அதே படத்தில் இன்னொருவர் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி 2.0 என்று வைத்தால் விடை 5.0 ஆகிவிடும். 2 மில்லிமீட்டருக்கு ஒரு லிட்டர்! விட்டத்தை வர்க்கப்படுத்துவதால் வரும் வினை இது. மூச்சு வாங்கும் நோயாளியிடம் படம் தெளிவாகக் கிடைப்பதும் கஷ்டம். ஆனால் உடம்பில் எதையும் குத்த வேண்டியதில்லை; வால்வு, இதயத்தின் இரு பக்கங்கள், சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். பிரஷர் இறங்கி வருகிற யாருக்கும் நான் முதலில் கேட்பது எக்கோதான்.

மணிக்கட்டு மானிட்டர் செய்வது ஊகம். ரத்தக்குழாயில் எழும் அலையின் வடிவத்தைப் பார்த்து, வயது, உயரம், எடையைக் கொண்டு குழாயின் இழுவைத்தன்மையை அனுமானித்து ஒரு எண்ணைத் தரும். நொடிக்கு நொடி காட்டுவது இதன் பலம். உங்கள் அப்பாவுக்கு அநேகமாக பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்திருக்கும். அந்த மருந்து ரத்தக்குழாய்களை இறுக்கும்போது அலையின் வடிவமே மாறும். அனுமானம் ஆட்டம் காணும். நாடி ஒழுங்கில்லாமல் அடித்தாலும் இதே கதைதான். மானிட்டருக்குப் போகும் குழாயில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி நின்றால்கூட அலை மழுங்கிவிடும்.

குளிர்ந்த சலைன் முறை இவற்றில் கொஞ்சம் உறுதியானது. ஓடையில் ஒரு பிடி மஞ்சளைக் கரைத்தால், வேகமாக ஓடும் நீரில் நிறம் சட்டென்று மறையும். மெதுவாக ஓடினால் தங்கி நிற்கும். இங்கே மஞ்சளுக்குப் பதில் குளிர்ச்சி. கழுத்து வழியாகச் செலுத்துவார்கள். பெரும்பாலும் தொடைத் தமனியில் இருக்கும் உணரி, ரத்தம் எவ்வளவு குளிர்ந்தது, எவ்வளவு நேரத்தில் மீண்டது என்று பார்த்துச் சொல்லும். மூன்று முறை செய்து சராசரி எடுப்பது வழக்கம். நுரையீரலில் எவ்வளவு நீர் கோத்திருக்கிறது என்ற கணக்கும் கூடவே கிடைக்கும். நிமோனியாக்காரருக்கு அது பெரிய உதவி.

இதற்கு மூத்தது, 1970-ல் ஸ்வான், கான்ஸ் என்ற மருத்துவர்கள் அறிமுகப்படுத்திய, நுனியில் பலூன் வைத்த கதீட்டர் என்ற மெல்லிய குழாய். நுரையீரல் தமனி வரை போகும். அடுத்த ஆண்டே அதில் குளிர்ந்த திரவ முறையும் சேர்ந்தது. பல ஆண்டுகள் அதுதான் உரைகல். ஆனால் 2005-ல் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ. நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், அதைப் போட்டவர்களும் போடாதவர்களும் பிழைத்த விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. துல்லியமாக அளந்தால் மட்டும் ஆள் பிழைப்பதில்லை, அளந்து என்ன செய்தோம் என்பதும் இருக்கிறது. இப்போது அதை இதய அறுவை சிகிச்சை, வலது இதயக் கோளாறு போன்றவற்றில்தான் அதிகம் பார்க்கலாம்.

உரைகல் என்றேனே, அதிலும் பிழை உண்டு. அதனால்தான் 1999-ல் கிரிட்ச்லி என்ற ஆய்வாளர்கள், புதுக் கருவி பழைய முறையிலிருந்து 30 சதவீதம் வரை விலகினால் ஏற்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். 2010-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், உடம்பில் அதிகம் குத்தாமல் அளக்கும் கருவிகளின் விலகல் சராசரியாக 40 சதவீதத்தைத் தாண்டியது. உங்கள் 4.4-க்கும் 5.2-க்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடும்.

சரி, அப்படியானால் எதற்காக அளக்கிறோம்? ஒரே கருவியில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எண் எப்படி நகர்கிறது என்று பார்க்கத்தான். கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கி இரண்டு காலையும் 45 டிகிரி தூக்கிப் பிடிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். காலில் உள்ள ரத்தம் இதயத்துக்கு வந்ததும், ஒரு நிமிடத்துக்குள் இதயம் அனுப்பும் ரத்தத்தின் அளவு 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் சலைன் ஏற்றிப் பயனுண்டு. கூடாவிட்டால் ஏற்றும் சலைன் நுரையீரலில்தான் போய் நிற்கும். 4.4 என்பது 5.0 ஆனதா என்பதே இங்கே கேள்வி; உண்மையில் அது 5.2-ஆ என்பதில்லை.

போதுமா போதாதா என்பதை உடம்பே சொல்லும். பார்வை நேரத்தில் டாக்டரைப் பார்க்கும்போது லாக்டேட் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்) நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, சிறுநீர் மணிக்கு எத்தனை மில்லி, நார்அட்ரினலின் குறைகிறதா என்று கேளுங்கள். விரல் நுனியை அழுத்தி விட்டால் மூன்று நொடிக்குள் ரத்தம் திரும்புகிறதா என்று அவர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சமவெளியிலிருந்து புதிதாக மலையேறுகிறவருக்குச் சில நாட்கள் நாடி கூடி, இதயம் அனுப்பும் ரத்தமும் கூடும். அங்கேயே வாழ்கிற உங்கள் அப்பாவுக்கு ஓய்வில் பெரிய வித்தியாசம் இருக்காது. இறக்கிக் கொண்டுபோனது நல்ல முடிவு. கீழே காற்றழுத்தம் கூடுதல், ஆக்சிஜனும் சுலபமாக ஏறும். திரும்பி வரும்போதுதான் கொஞ்சம் கவனம் வேண்டும். கோயம்புத்தூரில் 97 காட்டிய விரல் ஆக்சிமீட்டர் கோத்தகிரியில் இரண்டு மூன்று குறைத்துக் காட்டினால் அதற்காக மட்டும் பதற வேண்டாம். ஆனால் கீழேயே, ஆக்சிஜன் வைக்காதபோது 92, 93-தான் இருக்கிறது என்றால், டிஸ்சார்ஜ் ஆனதும் நேரே மலையேறலாமா, சில நாள் கீழேயே தங்கவேண்டுமா என்று கேட்டுவிட்டு வண்டி பேசுங்கள்.